தங்கச்சியின் நாலாவது அல்பம்

என் தங்கச்சியின் பெயரை இணையத்தில் அடித்தால் "அமெரிக்கப் பாடகி, பாடலாசிரியர்" என்று வரும். அமெரிக்காவாம்! அவள் பிறந்தது ஜெர்மனியில், பீலெஃபெல்டில். அவளுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று பஸ் தரிப்பிடத்தில் விழுந்து உருண்டவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளும் நான்தான். பிறகு வளர்ந்து, ஒரு வருடப் படிப்புக்கென்று அமெரிக்காவுக்குப் போனாள். போனவள் போனவள்தான். அங்கே ஒரு கிற்றார்க்காரனைக் கட்டினாள், அவனை விட்டாள், அந்த நாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாள். ஆகவே அமெரிக்கப் பாடகி. சரி, இருக்கட்டும்.

அவளுடைய பாட்டைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன். எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அவளுடைய நாலு அல்பங்களிலும் நாங்கள் இருக்கிறோம். எங்கள் சமையலறை இருக்கிறது, எங்கள் சண்டை இருக்கிறது, நாங்கள் மூடி வைத்ததெல்லாம் கிற்றார் தந்தியோடு வெளியே வந்திருக்கிறது. எழுதுகிறவள் அவள், எழுதப்படுகிறவர்கள் நாங்கள். எழுதப்படுகிறவர்களுக்கும் ஒரு வாய் இருக்கிறதல்லவா.

முதலாவது அல்பத்தை ஒரு சிநேகிதியின் கார்க் கொட்டிலில் பதிவு செய்தாள். அதிலே ஒரு பாட்டின் நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்கும். இரண்டாவதை அங்குள்ள ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. அதில்தான் அப்பாவைப் பற்றிய பாட்டு வந்தது. அப்பா பீலெஃபெல்டில் ஒரு பீட்சாக் கடைக் குசினியில் வெங்காயம் உரித்து, கோப்பை கழுவித்தான் எங்களை வளர்த்தார். வேலையால் வந்ததும் எலுமிச்சங்காய் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் எங்கள் தலையைத் தொடுவார். அப்போதும் வெங்காயம் மணக்கும். பாட்டு அதைப் பற்றியது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னைப் பற்றித்தானே பாடியிருக்கிறாள்?" என்று ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. தமிழ்க் கடைக்குப் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கடைக்கு வந்த சனம் முழுவதையும் கேட்க வைத்தார். அந்தப் பாட்டின் கடைசியில் அவர் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுவதும் வருகிறது. அது அவருக்குத் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர், நானும் கடைக்காரரின் மகளும், ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் பருப்புப் பைக்கற்றுகளைப் பார்த்தோம்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இப்படித்தான். அவளுடைய அல்பம் வந்த அன்றைக்கே அம்மா அதைத் தன் கைபேசியில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிவிடுவா. அம்மாவின் கைபேசியில் இருக்கிற சனத்தைக் கூப்பிட்டால் ஒரு கலியாண மண்டபம் நிரம்பும். "எங்கடை பிள்ளையின்ரை பாட்டு, கேளுங்கோ." கேட்பார்கள். பூப் படமும் கைகூப்பின படமும் திருப்பி அனுப்புவார்கள். சொல் ஒருவருக்கும் விளங்காது. விளங்குகிற பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். அவளும் அந்தத் தைரியத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

மூன்றாவது அல்பத்தில் மாட்டிக்கொண்டது நான். என் கலியாணத்தன்று நான் போட்டிருந்த நகையில் பாதி இரவல். சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கிப் போட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்து குசினித் தொட்டியடியில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்ததை அவள் சின்னப் பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறாள். அது ஒரு முழுப் பாட்டாக வந்துவிட்டது. உடனே அழைப்பெடுத்து ஏசினேன்.

"அக்கா, அது நீ இல்லை. அது பாட்டில வாற ஒரு ஆள்," என்றாள்.

"அப்ப பாட்டில வாற ஆளின்ரை அட்டியலை ஏனடி என்ரை கழுத்தில பாத்து எழுதினனீ?"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு நெடுக கோபமாக இருக்க ஏலாது. அதுதான் என் பிரச்சினையே.

அந்த மூன்றாவது அல்பம் எடுபடவில்லை. கம்பெனி அவளைக் கைவிட்டது. கோப்பிக் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டு, பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக் கொடுத்தாள். "இன்னும் ஒரு அல்பம், அக்கா. அதுவும் சரிவராட்டி நான் விடுறன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஹம் நகரத்தில் இருக்கிறோம். இவருக்கு அங்கே ஒரு கம்பித் தொழிற்சாலையில் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். அதிகம் கதைக்காத மனிதர். கேள்வி கேட்கமாட்டார். கோபம் வந்தாலும் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவார். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தன் பழைய காரில் அவளைக் கிற்றார் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை வெளியில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வந்தவர் இவர்தான். அதனால் அவளுக்கு அத்தான் என்றால் உயிர். பதிவு முடிய முதலே பாட்டுகளை அத்தானுக்குத்தான் அனுப்புவாள். இவர் காரில் போட்டுக் கேட்பார். "பேஸ் கூடிப்போச்சு," என்பார். இல்லாவிட்டால் "நல்லாயிருக்கு," என்பார். இவருடைய ஆங்கிலம் மெஷினில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையை வாசிக்கக் காணும், அதற்கு மேல் இல்லை. "அத்தான் சத்தத்தை மட்டும் கேக்கிறவர், அதுதான் அவர் சொல்லுறது சரி," என்று அவள் சொல்லுவாள்.

இனி நான் சொல்லப் போவதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, வருடக்கணக்காகப் பேக்கரியில் பாண் விற்ற நான், முதியோர் பராமரிப்புக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பில் சேர்ந்தேன். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் முதியோர் இல்லத்தில் வேலை. வகுப்பில் என்னைவிட எல்லாரும் சின்னப் பெட்டைகள். எனக்கு அது எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். புதுப் பேனை வாங்கினேன். பிள்ளைகளின் மேசையில் அவர்களோடு சேர்ந்து இருந்து படித்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று ஒன்று. அப்போது மூன்றாவது பிள்ளை தங்கியது.

எல்லாருக்கும் கொண்டாட்டம். இவர் ஊரில் இருக்கிற தன் தாய்க்கு அழைப்பெடுத்துச் சொன்னார். அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தா. படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பிறகு என்றால் எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். நாலாம் மாதம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில் இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அப்படி அழுது நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப் போய்விட்டாள் என்று சனம் கதைத்தது. மரக்கவில்லை. எனக்கு வந்தது நிம்மதி. அதைப் பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அதை எந்த முகத்தோடு இவருக்குச் சொல்வது?

தங்கச்சிக்கும் எனக்கும் குரல்செய்தி அனுப்புகிற பழக்கம். அங்கே விடியும்போது எங்களுக்குப் பின்னேரம். அழைப்பெடுத்தால் ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாது. ஆகவே நடக்கும்போது, சமைக்கும்போது, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கதைத்து அனுப்பிவிடுவோம். அவள் நேரம் கிடைக்கும்போது கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவாள். ஆஸ்பத்திரியால் வந்து திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் நாள், ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் பதிலுக்கு, "அக்கா, எனக்கு விளங்குது," என்று மட்டும் சொன்னாள். அதோடு அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் கோடையில் அவள் நாலாவது அல்பத்துக்காக ஜெர்மனிக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த ஜெர்மன்காரன் ஒருவன் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் பழைய வைக்கோல் கொட்டில் ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்தான். சிநேகிதத்துக்காக இடம் தருகிறேன் என்றானாம். அப்பா வீட்டில் தங்கினால் அம்மா இரண்டாம் கலியாணம் பேசத் தொடங்கிவிடுவா என்று பயந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளின் அறையில் மெத்தை போட்டுப் படுத்தாள். காலையில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவாள், பின்னேரம் களைத்து வந்து நான் வைத்த கறியை வழித்துத் துடைத்துச் சாப்பிடுவாள். நல்ல நாட்கள் அவை. ஒருநாள் சாப்பிடும்போது, "அக்கா, அமெரிக்காவில ஒரு கம்பெனிக்காரன் ஒரு பாட்டைக் கேட்டிட்டு அல்பத்தை எடுக்கிறன் எண்டிட்டான்! அந்த ஒரு பாட்டுக்காக!" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் வேலைக்குப் போய்விட்டார், பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். நான் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து என் காதில் ஹெட்போனை மாட்டினாள். "அந்தப் பாட்டு. கேள்," என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

முதலில் கிற்றார், ஒற்றைத் தந்தி. பிறகு அவளுடைய குரல். ஒரு மனிசி வெறும் பையோடு வீட்டுக்கு நடக்கிறாள், பை பாரமில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. நன்றாக இருந்தது. சொல்லப்போனால், அவள் செய்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. நடுவில் அவள் நிறுத்தினாள். காற்று இரைந்தது. ஒரு மனிசி தமிழில் கதைக்கத் தொடங்கினாள். தொண்டை அடைத்த குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. இது ஆரடா இவள், அம்மன் கோயிலில் வரிசையில் நின்று புறுபுறுக்கிற மனிசி மாதிரி, என்று யோசித்தேன். தன் குரல் தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு உண்மை.

"தங்கச்சி, கேக்குதோ? ஸ்டேசனால நடந்து வாறன், காத்து இரையுது. எல்லாரும் வந்து அழுதிட்டுப் போகினம். இவர் ராத்திரி முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்து அழுகிறார். நான் பக்கத்தில கிடந்து, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சட்டையைப் போடுறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். எனக்கு நிம்மதியா இருக்கடி. மூச்சு வந்த மாதிரி இருக்கு. இதை நான் ஆருக்குச் சொல்லுறது?"

அதன்மேல் கிற்றார் திரும்ப வந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். கத்தியை வைத்தேன்.

"என்னடி இது?"

"வடிவா இருக்கெல்லோ? உன்ரை குரல்தான் அக்கா பாட்டே. ஸ்டூடியோவில அவன் கேட்டிட்டு அழுதவன். அமெரிக்காக்காரனும் அந்த இடத்தைத்தான் சொன்னவன்."

"நான் என்ன சொல்லுறன் எண்டு அவங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் விளங்காது அக்கா. அதுதானே அதின்ரை அழகு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே அவ்வளவு காலம் இருந்து, அவளுக்குத் தமிழ் ஒரு சத்தமாகப் போய்விட்டது. காற்று இரைகிற மாதிரி, ரயில் போகிற மாதிரி, பாட்டுக்கு அழகாகப் பின்னால் போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அப்பாவின் அழுகையை எழுதியபோது விளங்கவில்லை என்று தப்பினாள். இது தமிழ். வந்த அன்றைக்கே அம்மா கலியாண மண்டபம் முழுவதுக்கும் அனுப்பிவிடுவா.

"விசரே உனக்கு!" என்று கத்தினேன். "விளங்காத ஆக்களுக்குப் பாடினனீ சரி. விளங்கிற ஆக்கள் எல்லாம் செத்துப்போச்சினமோ? அம்மாவுக்கு விளங்காதோ? தமிழ்க் கடையில விளங்காதோ? உன்ரை அத்தானுக்கு விளங்காதோ?"

அவளின் முகம் வெளிறியது. அத்தான் என்ற சொல்லில்தான் அது வெளிறியது என்று பிறகு யோசித்தேன்.

"அத்தானுக்கு அனுப்பினனியோ?"

"இல்லை."

"உண்மையைச் சொல்லு."

"இல்லை அக்கா. முழுக்க முடியட்டும் எண்டு வச்சிருக்கிறன்."

நம்பினேன். நம்பாவிட்டால் அந்தக் குசினியில் என்னால் நின்றிருக்க ஏலாது.

எடுத்துவிடு என்றேன். ஏலாது என்றாள். அந்தக் குரல் இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் எடுக்கமாட்டான், இதுதான் தன் கடைசிச் சந்தர்ப்பம் என்றாள். என் வீடு என்ன ஆகும் என்று கேட்டேன். "அத்தானுக்கு நீ ஏன் சொல்லேல்லை?" என்று திருப்பிக் கேட்டாள். "உனக்குச் சொன்னதாலதான் இப்ப சந்தி சிரிக்கப் போகுது, அவருக்கும் சொல்லியிருக்க வேணுமோ?" என்று நான் கத்த, அவள் அழுதாள். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "அக்கா, நான் இவ்வளவு காலமா உங்கள் எல்லாரையும் பற்றிப் பாடினனான். எல்லாத்திலயும் நான்தான் உங்களுக்காகக் கதைச்சனான். இந்த ஒரு இடத்திலதான் ஒரு உண்மையான ஆள் தானே கதைக்குது. அதை என்னெண்டு வெட்டுறது?"

எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் அது காதில் ஏறவில்லை. "என்ரை குரல், நான் சொல்லுறன், வெட்டு," என்றேன். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொட்டிலிலேயே படுத்தாள். வீட்டுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சட்டையைப் பின்பக்கம் முன்னாக மாட்டிவிட்டேன், அவரே சொல்லிச் சிரித்தார். இவரைப் பார்க்கும்போதெல்லாம், இவருடைய கைபேசி மணி அடிக்கும்போதெல்லாம், அவள் அனுப்பிவிட்டாளோ என்ற யோசனைதான். இவரும் ஒரு மாதிரித்தான் இருந்தார். வேலையால் வந்து கீழே காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பார். யன்னலால் பார்த்தால் தெரியும். தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை அடிபட்டது, அந்த யோசனையாக்கும் என்று நினைத்தேன். ஒரு பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று, "பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது? சந்தோசமா இருக்கிறீரோ?" என்று கேட்டார். இந்த மனிதர் இப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை. "ஓம், ஓம், ஒரு குறையும் இல்லை," என்று சோற்றைப் போட்டேன். சோற்றைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு போய்ச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை நானே அந்தக் கொட்டிலுக்குப் போனேன். பீலெஃபெல்ட் ரயில், பிறகு ஒரு பஸ், பிறகு சோளக் காணிக்கு நடுவில் நடை. அந்த ஜெர்மன்காரன் நெட்டையன், பண்பான பிள்ளை. கோப்பி தந்தான். என்னைக் கண்டதும் ஏதோ பெரிய ஆளைக் கண்ட மாதிரிக் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் குரலை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அதில் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டான். "கடையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்கிறேன்," என்றேன். பாவம், அவனுடைய முகம் விழுந்துவிட்டது. தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. முடிவெடுத்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. "எடு," என்று அவனுக்குச் சொன்னாள். அவன் இரண்டு தரம் கேட்டான். பிறகு திரையில் என் குரல் இருந்த துண்டைப் பிடித்து அழித்தான். அவ்வளவு சுலபமாக அழிந்தது. பாட்டைப் போட்டுக் காட்டினான். கிற்றார், அவளுடைய குரல், பிறகு ஒரு வெறும் இடம், பல் விழுந்த வாய் மாதிரி. அந்த இடத்துக்கு ஏதாவது வேண்டும் என்று அவன் சொல்ல, தங்கச்சி மைக்குக்கு முன்னால் போய் நின்று "ம்ம்" என்று ராகம் இழுத்தாள். பல தரம் இழுத்தாள். ஒன்றும் சரிவரவில்லை. சங்கீதம் தெரியாத எனக்கே பாட்டு செத்துப்போனது விளங்கியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன். அவள் வாசல்வரை வந்தாள்.

"இப்ப சரியோ அக்கா?"

"சரி," என்றேன். கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை.

கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய், இலையுதிர் காலத்தில் அவள் அல்பத்தைத் தானே தனியாக இணையத்தில் விட்டாள். அம்மா வழமைபோல எல்லாருக்கும் அனுப்பினா. பூப் படங்கள் வந்தன. ஒரு பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. அவள் கோப்பிக் கடையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு அவள் குரல்செய்தி அனுப்புவதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு எழுத்தில் ஒரு வாழ்த்து வந்தது. நானும் எழுத்தில்தான் அனுப்பினேன். மனம் கிடந்து அடித்தது. ஆனால் என் வீடு தப்பியது, இவருக்குத் தெரியாமல் போனது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பீலெஃபெல்டில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் மழை தூறியது. காரில் தங்கச்சியின் அல்பம் ஓடியது. இவர் அதைத்தான் மாதக்கணக்காகக் காரில் வைத்திருந்தார். அந்தப் பாட்டு வந்தது. அடுத்ததுக்கு மாற்றலாம் என்று கையை நீட்டப்போனேன், சந்தேகம் வந்துவிடும் என்று விட்டேன். அவள் "ம்ம்" என்று இழுக்கிற இடம் வந்தது.

இவர் சத்தத்தைக் குறைத்தார்.

"இதில நீர் கதைச்சனீரெல்லோ," என்றார். "அதை எடுக்கச் சொன்னது நீரோ?"

கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது.

"ஓம்," என்றேன்.

"எனக்குத் தெரியக்கூடாதெண்டோ?"

"ஓம்."

"அவள் இஞ்ச வந்து பதிஞ்ச கையோட எனக்கு எல்லாப் பாட்டையும் அனுப்பினவள். எப்பவும் அனுப்பிறவள்தானே. உமக்கும் எனக்கும் இடையில அப்பிடி ஒண்டு இருக்கெண்டு அவளுக்கு என்னெண்டு தெரியும்? பிறகெண்டாலும் புருசனுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சிருப்பாள். பிறகு அழுதுகொண்டு அழைப்பெடுத்து, அத்தான் கேட்டனீங்களோ எண்டு கேட்டவள். கேக்கேல்லை எண்டு சொன்னனான்."

"ஐயோ," என்றேன். "பிறகு ஏன் என்னைக் கேக்கேல்லை? இவ்வளவு காலமா ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

முன்னால் போன லொறியை முந்தினார். திரும்பவும் வலப்பக்கம் வந்தார்.

"கோவம் இருந்தது. கனநாள் இருந்தது. பிறகு யோசிச்சன், படிக்க வேணுமெண்டு நீர் எவ்வளவு ஆசைப்பட்டனீர், ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. பாட்டு வெளியில வரப்போகுதெண்டு அவள் சொன்னவள். அது வாற அண்டைக்கு முதல் நீர் என்னட்டச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் பாத்தனான். குசினியிலயும் வந்து நிண்டு பாத்தனான். பிறகு பாட்டு வந்துது. போட்டுக் கேட்டன். நீர் அதில இல்லை."

அவருடைய குரல் உடைந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

"அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, நீர் சொல்லமாட்டீர் எண்டு. அந்தப் பிள்ளையின்ரை பிழைப்பை வெட்டினாலும் வெட்டுவீர், எனக்குச் சொல்லமாட்டீர்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, கொட்டிலில் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"இப்ப சொல்லுறன்," என்றேன். "எல்லாத்தையும் சொல்லுறன், கேளுங்கோ."

"கேட்டிட்டன்," என்றார்.

ஹம் என்று எழுதின பலகை வந்தது. சிக்னலைப் போட்டு வெளிப்பாதைக்குத் திருப்பினார்.